கப்பல் சென்ற நாளும் மனுச் சேர்ந்த நாளும்

அயல் நாட்டுக்குச் செல்லும் சரக்கோடு உள்நாட்டு வரியையும் சேர்த்து அனுப்பலாகாது என்பது வாணிக நாடுகள் பலவும் ஏற்றுக்கொண்ட கொள்கை. வரியும் விலையில் ஏறினால் நம் சரக்கு அயல் சந்தையில் விலைபோகாது. ஆகவே ஏற்றுமதியாளன் செலுத்திய வரியைச் சர்க்கார் அவனுக்குத் திருப்பித் தருகிறது. இது சலுகைபோல் தோன்றினும், சிறு தொழிலுக்கு இதுவே உயிர்நாடி எனலாம். பத்து லட்ச ரூபாய்ச் சரக்கில் ஐம்பதாயிரம் லாபம் காண்பவனுக்கு, அதனினும் பெரிய தொகை வரியாக முடங்கிவிட்டால், அடுத்த மாதக் கூலிக்கு வட்டிக் கடையை நாட வேண்டியதுதான். தில்லி ஓக்லாவில் ஆயத்த ஆடை தைத்து அனுப்பும் அன்பருக்கும் திருப்பூரில் பின்னலாடை அனுப்புபவருக்கும் இது பொதுவான கவலை.

பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது அதிகாரி வினவுவன இரண்டு. உரிய காலத்துக்குள் கேட்டீரா? சரக்கு மெய்யாகவே நாட்டை விட்டுச் சென்றதா? வழக்குகளுள் பெரும்பாலானவை இவ்விரு வினாக்களிலிருந்தே பிறந்தவை. நீதிமன்றங்கள் முதல் வினாவில் காட்டிய கண்டிப்பை இரண்டாவதில் காட்டவில்லை என்பதே நாம் இங்கு விளக்க விரும்புவது.

பழைய மத்திய எக்சைஸ் சட்டம் 1944ஆம் ஆண்டினது. அதன் 11பி பிரிவு, வரியைத் திரும்பக் கேட்க ஆறு மாதம் தந்தது. 2000 மே 12 முதல் அஃது ஓராண்டாயிற்று. 1996 டிசம்பரில் மஃபத்லால் இண்டஸ்டிரீஸ் வழக்கில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட் அமர்வு, பணத்தைத் திரும்பப் பெற விழைவோர் அச்சட்டம் வகுத்த வழியிலும் காலத்திலுமே கேட்க வேண்டும் என்று பொதுவிதியாக உரைத்தது. வரிச் சட்டமே அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தள்ளப்பட்டால் அது வேறு.

ஆயினும் ஏற்றுமதியாளர்க்கு ஒரு நம்பிக்கை எஞ்சியிருந்தது. ஏற்றுமதிச் சரக்கின் எக்சைஸ் வரியைத் திருப்பித் தருவதற்கு 2004ஆம் ஆண்டில் வெளியான அறிவிக்கையில் காலவரம்பு ஒன்றும் கூறப்படவில்லை. கூறாத வரம்பை எங்ஙனம் சுமத்துவது என்ற வாதம் சென்னை உயர்நீதி மன்றத்தில் டார்கஸ் மார்க்கெட் மேக்கர்ஸ் வழக்கில் 2015இல் வெற்றி பெற்றது. வேறு சில உயர்நீதி மன்றங்களும் அவ்வாறே கருதின. ஆனால் அதே ஆண்டில் உத்தம் ஸ்டீல் வழக்கில் சுப்ரீம் கோர்ட் மாறாக நின்றது. அந்நிறுவனம் 1999இல் சரக்கனுப்பி, ஆறு மாதம் கடந்த பின் மனுச் செய்திருந்தது. பின்னர் வரம்பு ஓராண்டாக நீண்டதே என்று வாதிட்டும் பயனில்லை. முன்பே காலாவதியான உரிமை பிந்தைய திருத்தத்தால் உயிர்பெறாது என்றது தீர்ப்பு. 2022 நவம்பரில் பெங்களூரு ஸன்ஸேரா எஞ்சினியரிங் வழக்கில் ஐயம் முற்றும் நீங்கியது. அறிவிக்கை சட்டத்துக்குக் கீழ்ப்பட்டது. அறிவிக்கை பேசாதிருப்பினும் சட்டத்தின் வரம்பு பேசும் என்பது அதன் சாரம். சென்னைத் தீர்ப்பை நம்பியிருந்தோர்க்கு இது பேரிடியே. நியாயம் அவர் பக்கமும் ஓரளவு இருந்தது என்றே நாம் எண்ணுகிறோம். மௌனம் சாதிக்கும் அறிவிக்கையைப் பாமர வணிகன் வேறு எவ்விதம் படிப்பான்?

இனி ருஜுவைப் பற்றி. எக்சைஸ் காலத்தில் சரக்கோடு ஏ.ஆர்.இ.1 என்ற படிவம் பல படிகளாகச் செல்லும். சுங்க அதிகாரி அதில் சான்றளித்து, முதற்படியை ஏற்றுமதியாளனிடம் கொடுப்பார். இரண்டாம் படி வரி அலுவலகத்துக்குப் போகும். இடையில் காகிதம் தொலைந்தால் சரக்கு சென்றதும் பொய்யாகிவிடுமா? யூ.எம். கேபிள்ஸ் வழக்கில் பம்பாய் உயர்நீதி மன்றம் 2013இல் இதற்கு விடை கூறியது. அப்படிகள் இல்லாமை ஒன்றையே காரணமாக்கி மனுவைத் தள்ளலாகாது; ஷிப்பிங் பில், கப்பல் கம்பெனியின் சரக்கு ரசீது, அயல் நாட்டுப் பணம் வந்ததற்கான வங்கிச் சான்று முதலியவற்றால் ஏற்றுமதி மெய்ப்பட்டால் போதும் என்றது. வேறு வழியாலும் மெய்ப்பிக்கலாம் என்பதற்காகக் காகிதத்தை அலட்சியம் செய்யலாம் என்று பொருளன்று. பம்பாய் வரை சென்று வென்றவர் செலவிட்ட ஆண்டுகளை எவரும் திருப்பித் தரப்போவதில்லை.

2017 ஜூலை முதல் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தது. அதன் 54ஆம் பிரிவு இரண்டாண்டு அவகாசம் தருகிறது. எந்நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் பலர் இடறுகின்றனர். கடல் வழியாகவோ வான் வழியாகவோ செல்லும் சரக்குக்கு, கப்பலோ விமானமோ இந்தியாவை விட்டு நீங்கிய நாள். தரை வழியாயின் எல்லையைக் கடந்த நாள். அஞ்சலாயின் அஞ்சலகம் அனுப்பிய நாள். தில்லிவாசிகள் இதைக் குறிப்பாக நினைவிற் கொள்ள வேண்டும். துக்ளகாபாத் சரக்கு முனையத்தில் பெட்டி முத்திரையிடப்பட்டு ரயிலேறுகிறது. மும்பைக்கு அப்பாலுள்ள நவசேவாவிலோ குஜராத்தின் முந்த்ராவிலோ கப்பலேறுகிறது. பெட்டி துக்ளகாபாத்தை விட்ட நாள் கணக்கில் வராது. கப்பல் புறப்பட்ட நாளே தொடக்கம். சேவை ஏற்றுமதிக்குக் கணக்கு வேறு: வேலை முடிந்தபின் பணம் வந்தால் பணம் வந்த நாள், முன்பணம் பெற்றிருந்தால் இன்வாய்ஸ் நாள்.

வரி செலுத்திச் சரக்கனுப்புவோர்க்கு ஷிப்பிங் பில்லே விண்ணப்பமாகக் கருதப்படுகிறது. எளிய ஏற்பாடுதான். எனினும் தொடக்கத்தில் இன்வாய்ஸ் எண் ஷிப்பிங் பில்லில் ஒருவிதமாகவும் வரிக் கணக்கில் வேறுவிதமாகவும் இருந்தமையாலும், உள்நாட்டு முனையத்தின் தகவலும் துறைமுகத்தின் கப்பல் புறப்பாட்டு அறிக்கையும் பொருந்தாமையாலும் ஏராளமான தொகை தேங்கிற்று. அதைத் தீர்க்கவென்றே 2018 மார்ச்சில் அலுவலகங்கள் தனி முகாம் நடத்தின. வரி செலுத்தாமல் உறுதிமொழிக் கடிதத்தின் பேரில் அனுப்புவோரோ தாமே மனுச் செய்ய வேண்டும். காலவரம்பு பெரிதும் கடிப்பது இவர்களையே. கொள்ளைநோய்க் காலத்தை முன்னிட்டு 2020 மார்ச் 1 முதல் 2022 பிப்ரவரி 28 வரையுள்ள நாட்களை விலக்கி எண்ணச் சர்க்கார் இசைந்தது.

காலவரம்பு அதிகாரியையும் கட்டும் என்பதைத் தில்லி உயர்நீதி மன்றம் நினைவூட்டியது. மனு முழுமையாயின் 15 நாட்களுக்குள் ஏற்புச் சீட்டுத் தர வேண்டும். குறையிருப்பின் அதற்குள் சொல்ல வேண்டும். ஜியான் இன்டர்நேஷனல் வழக்கில் இரண்டும் நடக்கவில்லை. அந்நாட்கள் கடந்தபின் குறை கூறும் உரிமை இல்லை என்று 2020 ஜூலையில் தீர்ப்பளித்து, வட்டியுடன் தொகையைத் தருமாறு மன்றம் ஆணையிட்டது. 2023இல் நேஷனல் இன்டர்நெட் எக்ஸ்சேஞ்ச் ஆப் இந்தியா வழக்கில் மற்றொரு முடிச்சும் அவிழ்ந்தது. விதி கேட்கும் ஆவணங்களோடு காலத்துக்குள் வந்த மனுவை, மேலும் விளக்கம் வேண்டும் என்பதற்காக மனுவே அன்று எனத் தள்ளிவிட்டு, மறுமுறை கொடுத்த நாளைக் கொண்டு காலங்கடந்தது என்றல் கூடாது என்பது அதன் முடிவு. ஆகையால் ஒரு தாள் குறைகிறதே என்று காத்திருந்து கடைசி நாளை இழப்பதைவிட, விதியில் கண்ட ஆவணங்களோடு முதலில் மனுவைச் சேர்த்துவிட்டு, விளக்கங்களைப் பின்னர் அளிப்பதே உசிதம். அப்போது கிடைக்கும் எண்ணையும் தேதியையும் ஷிப்பிங் பில்லோடு சேர்த்து வைக்க வேண்டும். முழுமையான மனு பெற்று 60 நாள் கடந்தும் பணம் வராவிடில், ஆண்டுக்கு 6 சதவீத வட்டி கோரும்போது அத்தேதியே ஆதாரமாகும்.