ஆதனக்கோட்டைப் பக்கம் ஒரு முந்திரி நாள்

மத்தியதரைக் கடலோர நாடுகளில் ஒலிவம் பறிக்கும் பருவத்தில் வெளியூர்க்காரர்களும் தோட்டத்தில் இறங்குவதுண்டு. மரத்தடியில் வலை விரித்து, கிளையை உலுக்கி, பிறகு அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார்கள். நம் ஊரில் அப்படி ஒரு நாளைக் கழிக்க ஆசைப்பட்டால் புதுக்கோட்டை மாவட்டத்து முந்திரிக் கொல்லைகளுக்குப் போகலாம். மார்ச் முதல் மே வரை, அதாவது பங்குனி, சித்திரை வெயிலில்தான் அறுவடை. வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும். கொல்லைக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் உள்ளே இறங்க வேண்டும். பல கொல்லைகள் குத்தகையில் இருக்கும்.

முந்திரியை உலுக்கிப் பறிப்பதில்லை. பழம் முற்றித் தானாக விழுந்தால்தான் உள்ளே பருப்பு முழுதாகத் திரண்டிருக்கும். எனவே வேலை முழுவதும் தரையில்தான். குனிந்து பொறுக்கி, பழத்தைத் திருகிக் கொட்டையைத் தனியே எடுத்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயப்போடுவார்கள். பழம் ஒரு நாளுக்குமேல் தாங்காது. அதனால்தான் அது சந்தைக்கு அதிகம் வருவதில்லை. மரத்தடியில்தான் அதன் ருசி. ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உள்ள பழம். துவர்ப்பு தொண்டையைப் பிடிக்கும் என்பதால் நறுக்கி உப்புத் தொட்டுத் தின்பது நல்லது. சாறு துணியில் பட்டால் கறை போகாது.

பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பச்சைக் கொட்டையைக் கடிக்கவே கூடாது. ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்ட இடம் வெந்து கொப்பளித்துவிடும். மாங்காய்ப் பால் பட்டால் சிலருக்குத் தோல் புண்ணாகிறதே, அதன் உறவுதான் இது. மாவும் முந்திரியும் ஒரே தாவரக் குடும்பம். பிரேசிலில் பிறந்த முந்திரியைப் போர்ச்சுக்கீசியர்கள் 16ஆம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவந்தார்கள்.

அந்த எண்ணெயை எப்படிப் போக்குகிறார்கள் என்பதைப் பார்க்கத்தான் ஆதனக்கோட்டைக்குப் போக வேண்டும். புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் இருக்கிறது ஊர். அகன்ற சட்டியில் கொட்டையைக் கொட்டி வறுக்க, எண்ணெய் கசிந்து தீப்பிடித்து எரியும். கருகுவதற்குள் இறக்கித் தீயை அணைத்து, ஆறியபின் ஒவ்வொன்றாகக் கட்டையால் தட்டிப் பருப்பு சிதையாமல் உடைக்கிறார்கள். அந்தப் புகை கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். காற்று வரும் திசையில் நின்று பாருங்கள். ஆலைகளில் கொட்டையை ஆவியில் வேகவைத்து உடைப்பதால் பருப்பு வெள்ளையாக வரும். இங்கே கிடைப்பதோ தீ வாசம் ஏறிய பருப்பு. ஏறக்குறைய நாலு கிலோ கொட்டைக்கு ஒரு கிலோ பருப்புதான் தேறும். கை கறுத்து, புகை குடித்துச் செய்கிற இந்த வேலையைப் பார்த்தவர் சாலையோரத்தில் பருப்பு விற்கும் பெண்களிடம் பேரம் பேசுவது சரியல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயல் இந்த மாவட்டத்தில் முந்திரியையும் பலாவையும் தென்னையையும் வேரோடு சாய்த்தது. தைல மரக்காடுகள் பெருகியிருப்பதும் இங்குள்ள விவசாயிகளுக்கு நெடுநாள் மனக்குறை. வருமானம் தருகிற முந்திரி மரம்தான் கொல்லையில் நிலைக்கும். ஆகவே நாம் கொடுக்கிற விலைக்கும் மரத்துக்கும் தொடர்பு இருக்கிறது.

சாப்பாட்டுக்கு வருவோம். காலையில் மோர் விட்டுக் கரைத்த கம்பங்கூழ், சின்ன வெங்காயம், மோர் மிளகாய். மதியம் பலாக்கொட்டையும் மாங்காயும் போட்ட கருவாட்டுக் குழம்பு கிடைத்தால் விடாதீர்கள். பலா வேண்டுமென்றால் ஆலங்குடி தாண்டி வடகாடு, கீரமங்கலம் பக்கம் ஒரு நடை போகலாம். சித்திரையில் அங்கே பழம் வரத் தொடங்கியிருக்கும். வழியில் நுங்கு கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்துங்கள்.

திரும்பும்போது வீட்டுக்கு முந்திரி வாங்குவீர்கள். முழுப் பருப்பைவிட உடைந்ததற்கு விலை குறைவு, ருசி ஒன்றுதான். பாயசத்துக்கும் குருமாவுக்கும் அதுவே போதும். வறுத்த பருப்பு சீக்கிரம் நமுத்துப்போகும் என்பதால் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள்.