ஒரு துளியின் வலிமை: நீலகிரித் தைலத்தைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவோம்

மழைக்கால இரவொன்றில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவனுடைய பெற்றோர் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு விரைந்து வந்தனர். இரண்டு நாள்களாக இருமல் இருந்த பிள்ளை. அரை மணி நேரத்திற்கு முன்பு வரை விளையாடிக்கொண்டிருந்தவன், திடீரென வாந்தி எடுத்துத் துவண்டுவிட்டான். பெயர் சொல்லி அழைத்தால் கண்ணைத் திறப்பான். உடனே மீண்டும் உறங்கிவிடுவான். அவன் மூச்சில் தைல வாசனை வீசியது.

பின்னால் வந்த பாட்டியின் கையில் ஒரு சிறிய கண்ணாடிக் குப்பி இருந்தது. உதகைக்குச் சுற்றுலா சென்றபோது வாங்கி வந்த நீலகிரித் தைலம். அதில் அரைத் தேக்கரண்டியைத் தேனில் குழைத்துப் பேரனுக்குக் கொடுத்திருந்தார். "இலையிலிருந்து எடுத்த எண்ணெய்தானே டாக்டர், இருமலுக்கு நல்லது என்றுதான் கொடுத்தேன்" என்று அவர் கலங்கி நின்றார்.

சிறுவன் இரண்டு நாள் கண்காணிப்புக்குப் பின் நலமாக வீடு திரும்பினான். பாட்டியை நாங்கள் குறை கூறவில்லை. அவர் எண்ணியதைப் போலவே எண்ணுவோர் பலர். அவர்களுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இலை வேறு, எண்ணெய் வேறு

நாம் தைல மரம் என்று அழைக்கும் யூகலிப்டஸ், ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் விறகுத் தேவைக்காக அதை நீலகிரியில் நட்டனர். மலைச்சரிவுகளில் உதிர்ந்து கிடக்கும் இலைகளைக் கூட்டி அள்ளி, கொட்டகைகளில் பெரிய கலன்களில் இட்டு, நீராவியால் காய்ச்சி வடித்துத் தைலம் எடுக்கின்றனர்.

நூறு கிலோ இலையைக் காய்ச்சினால் கிடைக்கும் எண்ணெய் ஏறத்தாழ ஒன்று அல்லது இரண்டு கிலோதான். அப்படியானால் ஒரு தேக்கரண்டித் தைலம் என்பது கால் கிலோ முதல் அரைக் கிலோ வரையிலான இலைகளின் சாரம். எந்தத் தாயும் தன் குழந்தைக்கு அரைக் கிலோ தைல இலையை ஊட்டமாட்டார். எண்ணெய் வடிவில் அதே அளவு ஒரு கரண்டியில் அடங்கிவிடுகிறது என்பதுதான் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இத்தைலத்தின் பெரும்பகுதி சினியோல் என்னும் வேதிப்பொருள். மூக்கிலுள்ள, குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளை அது தூண்டுவதால் மூச்சு எளிதாக ஓடுவதுபோல் தோன்றுகிறது. சளிப் பிடித்தவர்களுக்கு அது தரும் ஆறுதல் உண்மையானதே. ஆனால் அதே பொருள் வயிற்றுக்குள் சென்றால் விரைவாக இரத்தத்தில் கலந்து மூளையைத் தாக்குகிறது. தள்ளாட்டம், மயக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல் ஆகியவை ஏற்படலாம். குழந்தைகளுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர், உயிருக்கே ஆபத்தாகலாம். அதைவிடக் குறைந்த அளவிலும் வலிப்பு வந்ததுண்டு. விழுங்கும்போதோ வாந்தி எடுக்கும்போதோ எண்ணெய் நுரையீரலுக்குள் புகுந்தால் கடுமையான நுரையீரல் அழற்சியும் உண்டாகும்.

பெரியவர்கள் பயன்படுத்தும் முறை

முதல் விதி: வீட்டில் வைத்திருக்கும் தைலத்தை எவரும், எந்த வயதிலும் உட்கொள்ளலாகாது. தேனிலோ பாலிலோ வெந்நீரிலோ கலந்தாலும் அதன் வீரியம் குறைவதில்லை.

தடவுவதற்கு: தைலத்தை அப்படியே தோலில் தேய்க்காதீர்கள். தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ கலந்து தடவுங்கள். ஆறு தேக்கரண்டி, அதாவது 30 மில்லிலிட்டர் எண்ணெய்க்கு ஆறு துளி தைலம் போதும். இது ஏறத்தாழ ஒரு விழுக்காடு. நல்ல உடல்நலமுள்ள பெரியவர்கள் பன்னிரண்டு துளி வரை கலக்கலாம். முதன்முறை பயன்படுத்துவோர், கலந்த எண்ணெயை முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒருநாள் பொறுத்துப் பாருங்கள். சிவத்தல், எரிச்சல், அரிப்பு தோன்றினால் அது உங்களுக்கு ஒவ்வாது. தடவிய இடத்தின் மீது வெந்நீர்ப் பை வைப்பதையும் இறுக்கமாகக் கட்டுவதையும் தவிர்த்திடுங்கள். அவை தோல் புண்ணாகக் காரணமாகும்.

முகர்வதற்கு: கைக்குட்டையில் ஓரிரு துளி விட்டு, முகத்திலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்து முகர்வதே எளிய முறை. மின்சார நறுமணக் கருவி வைத்திருப்போர் மூன்று அல்லது நான்கு துளிகளுக்கு மேல் விடாமல், சன்னலைத் திறந்து வைத்து, அரை மணி நேரத்திற்குள் நிறுத்திவிடுங்கள்.

ஆவி பிடிப்பதற்கு: பலரும் செய்வது இதுவே, விபத்து மிகுதியாக நேர்வதும் இதில்தான். கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து தொடையும் வயிறும் வெந்து வருவோரை நாங்கள் பார்க்கிறோம். மடியிலோ கட்டிலிலோ பாத்திரத்தை வைக்காதீர்கள். அடுப்பிலிருந்து இறக்கி, ஆடாத மேசையின் நடுவில் வைத்து, கொதி அடங்கிய பின் ஒன்று அல்லது இரண்டு துளி விட்டு, கண்களை மூடி ஐந்து நிமிடம் பிடித்தால் போதும். குழந்தைகளுக்கு இம்முறை வேண்டா.

குளிக்கும் நீரில் நேரடியாகத் தைலம் விடுவதும் நல்லதன்று. எண்ணெய் நீரில் கரையாது. மேலே மிதந்து, வீரியம் குறையாமல் உடம்பில் ஒட்டிக்கொள்ளும்.

யார் தவிர்க்க வேண்டும்?

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இத்தைலம் எவ்வகையிலும் வேண்டா. மூக்கருகில் தடவினால், தொண்டை சட்டென இறுகி மூச்சு நின்றுவிடக்கூடும். பத்து வயது வரையிலும் முகத்திலும் மூக்கருகிலும் தடவ வேண்டா. கற்பூரம் கலந்த தைலங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் யூகலிப்டஸ், கற்பூரம் கலந்த எந்தத் தைலத்தையும் பயன்படுத்த வேண்டா. தடவுவதாலும் முகர்வதாலும்கூட வலிப்பு தூண்டப்பட்டதைத் தென்னிந்திய மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். வலிப்புக்காக வருவோரிடம் "தைலம் தேய்த்தீர்களா?" என்று நாங்கள் கேட்பதன் காரணம் அதுவே.

ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கடும் வாசனையே மூச்சிறைப்பைத் தூண்டக்கூடும். கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் மருத்துவரிடம் கேட்டே பயன்படுத்த வேண்டும். கதிர்வீச்சுச் சிகிச்சை பெறும் இடத்தின் தோலில் எதையும் தடவலாகாது. வீட்டில் ஆக்சிஜன் பெறுவோர் அருகில் இத்தைலம் இருக்கவே கூடாது. அது எளிதில் தீப்பற்றும் பொருள்.

உடனிருப்போருக்கு ஒரு வேண்டுகோள்: நோயாளியின் தலைவலி தீரவேண்டும் என்று வார்டிலேயே தைலம் தேய்க்கிறீர்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் ஆஸ்துமா நோயாளியாக இருக்கலாம். கீமோதெரபி பெற்றுக் குமட்டலோடு படுத்திருப்பவராக இருக்கலாம். செவிலியரிடம் ஒரு சொல் கேட்ட பிறகே குப்பியைத் திறவுங்கள்.

தவறுதலாக விழுங்கிவிட்டால்

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புநீர், பால், எண்ணெய் என எதையும் புகட்டாதீர்கள். உடனே 108 எண்ணை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குப்பியை மறவாமல் கொண்டுவாருங்கள். எது, எவ்வளவு என்பதை அறிந்தால் சிகிச்சை விரைவாகும்.

குழந்தை நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் காத்திருக்காதீர்கள். அறிகுறிகள் பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் தோன்றும். சில வேளைகளில் நான்கு மணி நேரம் வரைகூடத் தாமதமாகலாம்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் இரும்பு கொடுப்பதால் பயனில்லை. தைலம் கண்ணில் பட்டால், தேய்க்காமல், தூய நீரால் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் வாருங்கள்.

குப்பி இருக்க வேண்டிய இடம்

இருமல் மருந்துக் குப்பியும் தைலக் குப்பியும் அளவில் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். விளக்கில்லாத இரவில் அரைத் தூக்கத்தில் எழுந்து எடுக்கும் கைக்கு வேறுபாடு தெரியாது. ஆகவே உட்கொள்ளும் மருந்துகளோடு தைலத்தை வைக்காதீர்கள். வேறு குப்பிக்கு மாற்றாமல், பெயர்ச்சீட்டைக் கிழிக்காமல், மூடியை இறுக்கி, குழந்தைக்கு எட்டாத, பூட்டுள்ள அலமாரியில், அடுப்புக்கும் விளக்குக்கும் தொலைவில் வைத்திடுங்கள்.

மறுபரிசோதனைக்குப் பேரனோடு வந்த பாட்டி எங்களிடம், "அந்தத் தைலத்தைக் கொட்டிவிடட்டுமா?" என்று கேட்டார். வேண்டியதில்லை என்றோம். அவருடைய முழங்கால் வலிக்கு, தேங்காய் எண்ணெயில் ஆறு துளி கலந்து தடவிக்கொள்ளலாம். தடவியபின் கையைச் சோப்பிட்டுக் கழுவிவிட்டுப் பேரனைத் தூக்கிக்கொள்ளலாம். குப்பி மட்டும் அலமாரிக்குள் இருக்கட்டும். சாவி அவரிடம் இருக்கட்டும்.