கொட்டகையில் நின்ற லாரி: அதன் பிறப்பை அறிவது எவ்வாறு?

பெங்களூரிலிருந்து ஹோசூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேக்கல் பாதை பிரியுமிடத்தில் சந்தாபுரா உள்ளது. இத்தகைய ஊர்களில் பாகப் பிரிவினையின்போது பழைய கொட்டகையைத் திறந்தால், பாட்டனார் ஓட்டிய லாரி ஒன்று சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் நிற்கக் காணக்கூடும். அது எந்நிறுவனத்தின் வண்டி, எவ்வாண்டில் செய்யப்பட்டது என்று வினவினால் வீட்டார் ஆளுக்கொரு விடை கூறுவர். பழைய இரும்பு வியாபாரி மட்டும் தயங்காமல் எடைக்கு விலை சொல்வார். அவர் கைக்குச் சென்றபின் வண்டியின் வரலாற்றை மீட்க வழியில்லை. அதற்கு முன்பே அதனை ஆராய்தல் கள ஊழியருக்கும், மாணவரை உடனழைத்துச் செல்லும் ஆசிரியருக்கும் இயலக்கூடிய செயலே.

செய்யத்தகாததை முதலில் கூறிவிடுவோம். துருவைக் கண்டவுடன் உப்புத்தாளையோ கம்பித் தூரிகையையோ எடுத்தல் கூடாது. துருவோடு எழுத்துகளும் பழைய வர்ணங்களும் போய்விடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்தல் போதும். நெடுநாள் மூடிக்கிடந்த கொட்டகையில் பாம்பும் குளவியும் குடியிருக்கலாம் என்பதை நினைவூட்டுவது மிகையன்று.

லாரியின் முகத்தை நம்புதல் அடுத்த பிழை. அக்காலத்தில் தொழிற்சாலைகள் பெரும்பாலும் அடிச்சட்டத்தையும் இயந்திரத்தையும் முன்முகப்பையும் மட்டுமே விற்றன. கேபினையும் சரக்குப் பெட்டியையும் உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் கட்டினர். ஆதலால் ஒரே பட்டறையில் கட்டப்பட்ட இரு வேறு நிறுவன வண்டிகள் உடன்பிறந்தவை போலத் தோன்றும்.

பெயர்த்தகடும் ஏமாற்றக்கூடியதே. பம்பாயில் பிரீமியர் நிறுவனத்தார் செய்த லாரிகள் ஏறத்தாழ ஒரே உருவில் டாட்ஜ், பார்கோ, டிசோட்டோ என்னும் வெவ்வேறு பெயர்களில் விலைபோயின. டாட்டா நிறுவனம் 1954-இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டு லாரிகள் செய்யத் தொடங்கியது. அவ்வுடன்படிக்கை 1969-இல் முடிந்தது. ஆகவே முகப்பிலுள்ள மூன்றுமுனை நட்சத்திரம் இக்காலத்தைச் சுட்டும். ஆயினும் பின்னாளில் யாரேனும் ஆசையால் வாங்கிப் பொருத்தியதாகவும் அது இருக்கலாம். சந்தாபுராவில் இன்னொரு தவறும் எளிதில் நேரும். அருகில் ஹோசூர் இருப்பதால் லேலண்டு வண்டி எதுவாயினும் அங்கே செய்யப்பட்டதென்று கருதிவிடுவர். அசோக் மோட்டார்ஸ் 1948-இல் சென்னையில் தோன்றி, எண்ணூரில் லேலண்டு காமெட் லாரிகளைக் கோத்து, 1955-இல் அசோக் லேலண்டு எனப் பெயர் பெற்றது. ஹோசூர் ஆலையோ 1980-இல்தான் இயங்கத் தொடங்கியது. எனவே 1960-களின் காமெட் ஒன்று அங்கிருந்து வந்திருக்க முடியாது.

பின் எதை நம்புவது? சேஸிஸ் என்னும் அடிச்சட்டத்தில் குத்தப்பட்ட எண்ணையே முதற்சான்றாகக் கொள்ள வேண்டும். எண் மங்கியிருப்பின் இருட்டில் கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளங்கள் நிழலிட்டுத் தெரியும். மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியும் எடுக்கலாம். எண்ணை அரத்தால் ராவி அழித்திருப்பினும் முற்றிலும் மறைந்துவிட்டதென்று கூற இயலாது. எஃகில் எண்ணைக் குத்தும்போது அதன் அடியிலுள்ள உலோகமும் நசுங்கித் தன்மை மாறுகிறது. பரப்பை மெருகிட்டுத் தக்க அமிலக் கரைசலைத் தடவினால், நசுங்கிய பகுதி ஏனைய பகுதியினின்று வேறுபட்டு அரிக்கப்படுவதால், அழிந்த எண் மீண்டும் புலப்படும். குற்றவியல் ஆய்வுக்கூடங்கள் கையாளும் முறை இது. பள்ளியில் விளக்கலாம், வண்டியின்மேல் செய்து பார்த்தல் ஆகாது.

இன்று வழங்கும் 17 எழுத்து எண்முறைக்கான சர்வதேசத் தரம் 1977-இல்தான் வெளிவந்தது. அதற்கு முந்திய எண்ணில் இம்முறைப்படி ஆண்டைத் தேடுதல் வீண். அவ்வந்நிறுவனத்தின் பழைய கையேட்டையே நாட வேண்டும்.

இயந்திரத்தின் எண் அடிச்சட்ட எண்ணுக்கு ஈடாகாது. பெட்ரோல் லாரிகள் பலவற்றில் பின்னாளில் டீசல் இயந்திரம் மாற்றப்பட்டது. சென்னை சிம்ப்ஸன் கம்பெனியார் செய்த பெர்க்கின்ஸ் பி-6 அவ்வகையில் பெயர்பெற்றது. டயர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. உதிரிப் பாகம் ஒன்று, தான் எக்காலத்திற்குப் பிந்தியது என்பதை மட்டுமே கூறும். எரிபொருள் பம்பில் மைக்கோ என்ற பெயர் இருப்பின் அப்பம்பு 1951-க்கு முந்தியதன்று. அந்நிறுவனம் தோன்றிய ஆண்டு அது. பெங்களூரில் அதன் ஆலை இதே ஹோசூர் சாலையில் ஆடுகோடியில் அமைந்திருந்தது. லூக்காஸ்-டி.வி.எஸ். தகடுடைய மின்கருவி 1961-க்கு முந்தியதாகாது. இவ்வாறு ஒவ்வொரு பாகத்தையும் குறித்துக்கொண்டு வந்தால், எந்தெந்தக் காலத்தில் வண்டி பட்டறைக்குச் சென்றது என்பதும் விளங்கும்.

சரக்குப் பெட்டியின் பக்கப்பலகை தனிக்கவனத்திற்குரியது. வண்டியின் எடையையும் சுமை அளவையும் அங்கே எழுதுவது வழக்கம். மெட்ரிக் எடைகள் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 முதல் படிப்படியாகப் புகுத்தப்பட்டன. மேல்வர்ணத்தின் கீழே பவுண்டுக் கணக்கு தென்பட்டால் அவ்வெழுத்து பெரும்பாலும் அம்மாற்றத்திற்கு முந்தியது. மைசூர் ராஜ்யம் 1973-இல் கர்நாடகம் எனப் பெயர் பெற்றது. எம்.ஒய். என்று தொடங்கும் பதிவெண் பழைய மைசூர்ப் பதிவைக் காட்டும்.

இனிக் காகிதங்கள். பதிவுப் புத்தகத்திலுள்ள சேஸிஸ் எண்ணும் சட்டத்திலுள்ள எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒவ்வாவிடில் வண்டியை வாரிசின் பெயருக்கு மாற்றுதல் தடைப்படும். அந்நிலையில் எண்ணைத் திருத்த முற்படாமல், எடுத்த படியுடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகுதலே முறை. அலுவலகத்தின் விடை வரும்வரை வீட்டு மூத்தோரிடம் பேசலாம். எந்த மண்டிக்குச் சரக்கு சென்றது, கேபினைக் கட்டிய ஆசாரி எவ்வூரார், எந்தத் தீபாவளிக்கு வண்டிக்குப் புதுவர்ணம் பூசினர் என்பவற்றை அவர்கள் சொற்படியே, கேட்ட தேதியுடன் எழுதிக்கொள்ள வேண்டும்.