இரும்புப் பீப்பாய் அடுப்பு

“அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பு எதற்கு?” என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. அதற்குரிய விடையை நம் சகோதரிகள் கல்லூரிகளிலே சொல்லி முடித்துவிட்டார்கள். ஆனால் இயற்பியல் பயிலும் எனக்கு அப்பழமொழியைக் கேட்கும்போதெல்லாம் வேறொரு வினா எழுகிறது. அடுப்பை ஏன் ஊதவேண்டும்? தீக்குத் தேவையான காற்று தானாகவே வந்து சேரும்படி அடுப்பை அமைத்தால் ஊத வேண்டிய வேலையே இல்லையே! ஊதுகுழல் ஒரு வீட்டில் தேய்ந்திருக்கிறது என்றால் அவ்வீட்டு அடுப்பு தவறாக அமைந்திருக்கிறது என்பதே பொருள்.

அடுப்பு ஓர் ஆராய்ச்சிப் பொருளா என்று நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்வேன். வீட்டுக்குள் எழும் சமையற் புகையினால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் மக்கள் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இஃது ஒரு பெரும் போரின் கணக்குக்கு ஒப்பானது. ஆனால் இந்தப் போருக்கு முரசும் இல்லை, செய்தியும் இல்லை.

என் குடும்பத்தார் மூன்று தலைமுறைக்கு முன் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்க வந்தவர்கள். தாய்மாமன் மட்டும் மலையிறங்கி, பாலக்காடு எல்லையில் கொழிஞ்சாம்பாறைக்கு அருகே இரும்புப் பட்டறை வைத்திருக்கிறார். ஆக, எனக்கு இரண்டு எல்லைப்புறங்கள் சொந்தம். ஒன்று சனவரியில் புல்மேல் உறைபனி படியும் இடம். மற்றொன்று பங்குனி, சித்திரையில் வெயில் 40 பாகையைத் தாண்டும் இடம். சென்ற விடுமுறையில் மாமாவும் நானும் ஒரே பீப்பாயை இரண்டாக வெட்டி, மலைக்கு ஓர் அடுப்பும் சமவெளிக்கு ஓர் அடுப்பும் செய்தோம். இரண்டும் ஒன்றுபோல் அமையவில்லை; அமையவும் கூடாது. ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விறகு எரியும் விதம்

விறகு எரிகிறது என்று நாம் சொல்வது முழு உண்மையன்று. முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகிறது. பின்னர் வெப்பம் 200 பாகைக்கு மேல் ஏறும்போது கட்டையினின்றும் எரியக்கூடிய ஆவிகள் வெளிப்படுகின்றன. உலர்ந்த விறகின் எடையில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்ட பங்கு இவ்வாறு ஆவியாகவே போய்விடும். எஞ்சுவது கரி. நாம் காணும் சுவாலை இந்த ஆவிகள் எரிவதனால் உண்டாவது. அவை முழுதும் எரிவதற்கு மூன்று வேண்டும்: 600 பாகைக்கு மேற்பட்ட சூடு, போதிய காற்று, இரண்டும் கலந்து எரிய ஒரு கணநேரம். இம்மூன்றில் எது குறைந்தாலும் ஆவி எரியாமல் வெளியேறும். அதற்குத்தான் புகை என்று பெயர். எனவே, புகை என்பது எரியாமல் வீணான விறகு. கண்ணைக் கரிப்பதும் அதுவே. காசைக் கரைப்பதும் அதுவே.

ஈர விறகின் கதை இதனால் விளங்கும். நன்றாக உலர்ந்த ஒரு கிலோ விறகு சுமார் 3,600 கிலோ கலோரி வெப்பம் தரும். பாதி எடை நீராக உள்ள பச்சை விறகோ ஒரு கிலோவுக்கு 1,900 அளவே தரும். வெப்பம் குறைவது ஒருபுறமிருக்க, அடுப்பின் சூடும் 600 பாகையை எட்டாமற் போகிறது. ஆகவே புகை பெருகுகிறது. மூணாற்றில் ஆனி தொடங்கி ஆவணி வரை பெய்யும் மழையில் கிராண்டிஸ் கட்டை உலர்வதே இல்லை. ஆகையால் மாசி, பங்குனியிலேயே பிளந்து, தாழ்வாரத்தில் காற்றோட்டமாக அடுக்கி வைப்பதே முதல் சீர்திருத்தம். இதற்கு இரும்பும் வேண்டாம், பட்டறையும் வேண்டாம்.

பீப்பாய் தேர்வு

கடைகளில் ‘டிரம்’ என்றும் ‘பேரல்’ என்றும் விற்கப்படும் 200 லிட்டர் பீப்பாய் சுமார் 57 சென்டிமீட்டர் குறுக்களவும் 88 சென்டிமீட்டர் உயரமும் உடையது. தகட்டின் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். பழையதொன்றை வாங்கப் போன என்னிடம் மாமா சொன்னது இது: “மாப்ளே, மொதல்ல அதுல என்ன இருந்துச்சுன்னு கேளு. அப்பறம் வெலையக் கேளு.”

இவ்வறிவுரையைப் பொன்போற் போற்றுக. பூச்சிமருந்து இருந்த பீப்பாய் எவ்விலைக்கும் வேண்டாம். துத்தநாகப் பூச்சுள்ளதும் வேண்டாம். சூடேறினால் அதன் ஆவி காய்ச்சலை உண்டாக்கும். பெட்ரோல், தின்னர் முதலியன இருந்த பீப்பாய் வெறுமையாகத் தோன்றினும் உள்ளே ஆவி நிறைந்திருக்கும். வெட்டும் தீப்பொறி பட்டால் அது வெடிகுண்டாகிவிடும். இவ்வாறு உயிரிழந்த தொழிலாளர் பலர். சமையல் எண்ணெய் இருந்த பீப்பாயே உத்தமம். அதையும் சோப்பு நீரால் கழுவி, மூடியைத் திறந்துவைத்து, வெட்டுமிடத்துக்குச் சற்றுக் கீழ்வரை நீர் நிரப்பி, உளியும் சுத்தியலும் கொண்டே நாங்கள் வெட்டினோம். முதல் தீயைத் திறந்த வெளியிலே மூட்டி, உட்புறப் பூச்சும் வெளிப்புறச் சாயமும் எரிந்து தீர்ந்த பின்னரே அடுப்பை வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும்.

மலைக்குரிய அடுப்பு

எங்கள் லயத்தில் சிலிண்டர் இல்லாத வீடு இல்லை. எனினும் குளிக்க வெந்நீருக்கும், குளிருக்குக் கணப்புக்கும் விறகே இன்றும் துணை. இங்கே அடுப்பு செய்யவேண்டிய வேலை இரண்டு: புகையை வெளியேற்றுவது, வெப்பத்தை அறைக்குள் பரப்புவது.

பீப்பாயின் அடிப்பாதியில் துளை கிடையாது. ஆகவே அதைக் கவிழ்த்து, களிமண்ணில் பதித்த செங்கல் தளத்தின்மேல் நிறுத்தினோம். அடிப்புறம் இப்போது மேற்றட்டாயிற்று. அதன்மேல் வெந்நீர்ப் பானை அமரும். தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் கம்பித் தட்டு. அதற்குக் கீழே சாம்பலுக்கும் காற்றுக்கும் ஒரு சிறு கதவு. மேலே விறகுக்கு ஒரு கதவு. உட்சுவரில் பாதி உயரத்துக்குச் செங்கல் அடுக்கினோம். தகடு எளிதில் அரித்துப் போகாதிருப்பதும், தீ சூடு குறையாதிருப்பதும் இதனால் கிட்டும் பயன்கள்.

சூடேறிய தகடு எவ்வளவு வெப்பம் வீசும்? பக்கமும் மேற்றட்டும் சேர்ந்து பரப்பு ஒரு சதுர மீட்டர். தகடு 200 பாகையிலும் அறை 15 பாகையிலும் இருந்தால், ஸ்டெபான்–போல்ட்ஸ்மான் விதிப்படி 2 கிலோவாட்டுக்கு மேல் வீசும். ஆயிரம் வாட் மின்கணப்பு இரண்டு எரிவதற்கு இது சமம். இதே காரணத்தால் பலகைச் சுவருக்கும் அடுப்புக்கும் இடையே ஒரு மீட்டருக்குக் குறையாத இடைவெளி வேண்டும்.

இனிப் புகைபோக்கி. சூடான காற்று இலேசானது. குழாய்க்குள் அது மேலே எழ, கீழே புதுக்காற்று கதவு வழியே தானே நுழைகிறது. மூன்று மீட்டர் உயரக் குழாயில் 200 பாகைச் சூடு இருந்தால் கிட்டும் இழுப்பு எவ்வளவு தெரியுமா? நீர்மட்டத்தை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தும் அளவே! மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றும் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பங்கு அடர்த்தி குறைந்தது. இவ்வளவு மெல்லிய இழுப்பைக் குழாயின் ஒவ்வொரு வளைவும், படியும் கரியும் தின்றுவிடும். எனவே வளைவு குறைய வேண்டும். முனை கூரையின் உச்சிக்கு மேல் நிற்க வேண்டும். திங்களுக்கு ஒருமுறை கரி தட்ட வேண்டும்.

இங்கேதான் எங்களுக்கு இடர் வந்தது. தொழிலாளர்க்கு வீடு தருவதைத் தோட்ட முதலாளியின் கடமையாக்கியது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். வீடு கிடைத்தது, ஆனால் கூரை எங்களுடையதன்று. அதில் ஒரு சாண் துளையிட அனுமதி கேட்டு அம்மா மும்முறை அலுவலகப் படி ஏறினார். “பார்க்கலாம்” என்பதே மறுமொழி. முப்பதாண்டுகள் கொழுந்து பறித்தவருக்குப் புகை போக ஒரு வழி கிடைக்கவில்லை. முடிவில் சன்னலின் ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டுத் தகரம் பொருத்தி, அதன் வழியே குழாயை வெளியேற்றி, சுவரோரமாக மேலே கொண்டுபோனோம். வெளிக்குழாய் பனியில் குளிர்ந்து இழுப்புக் குறையுமாதலால், அதற்குமேல் பெரிய தகரக் குழாய் ஒன்றைப் போர்த்து இடையே சாம்பல் நிரப்பினோம். கூரை வழியே நேராகச் செல்வதற்கு இது ஈடாகாது. எனினும் அம்மாவின் சமையலறைச் சுவர் இப்போது கறுப்பதில்லை.

கொல்லும் தணல்

நிற்க. புகை கண்ணுக்குத் தெரியும் பகைவன். தெரியாத பகைவன் ஒருவன் உண்டு. காற்றுப் போதாமல் கரி எரியும்போது கரியமில வாயுவுக்குப் பதிலாகக் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் அது குருதியைப் பிடித்துக்கொள்ளும். உறங்குபவர் விழிப்பதில்லை. எங்கள் பக்கத்து லயத்தில் ஒரு தை மாத இரவு, புகையில்லையே என்று நம்பித் தணற்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவடைத்துப் படுத்தனர் முதியவர் இருவர். காலையில் ஒருவரே எழுந்தார்.

ஆகையால் இரண்டு விதிகள். புகைபோக்கி இல்லாத எந்தத் தணலையும் உறங்கும் அறையில் வைக்காதீர். புகைபோக்கி உள்ள அடுப்பிலும் தணல் இருக்கும்வரை காற்றுக் கதவை முழுதும் அடைக்காதீர். வெளிக்காற்று அறைக்குள் வர ஒரு வழியும் விட்டு வையுங்கள்.

சமவெளிக்குரிய அடுப்பு

கொழிஞ்சாம்பாறையில் கதை தலைகீழ். சித்திரை வெயிலில் அறைக்குள் இரண்டு கிலோவாட் வெப்பம் வீசும் அடுப்பை யார் விரும்புவார்? இங்கே வெப்பம் முழுதும் பானைக்குள் போக வேண்டும். தகடு தொடுமளவுக்குக் குளிர்ந்திருக்க வேண்டும்.

பீப்பாயின் மேற்பாதியில் இரண்டு திருகுமூடிகள் உண்டு. அவற்றை இறுக அடைத்து, அப்பாதியை மூடிப்புறம் கீழாக நிறுத்தினோம். உள்ளே செங்கல்லால் ‘ட’ வடிவத்தில் ஒரு வழி: பக்கத்தில் 12 சென்டிமீட்டர் சதுர வாய், அங்கிருந்து மேலே செல்லும் அதே அளவான கூண்டு. கூண்டின் உயரம் அகலத்தைப் போல் மூன்று மடங்கு. ஆவிகள் பானையைத் தொடுமுன் எரிந்து தீர இவ்வுயரம் வேண்டும். வாயின் நடுவே ஒரு தகட்டை வைத்து, மேலே விறகும் கீழே காற்றும் செல்லச் செய்தோம். செங்கல்லுக்கும் பீப்பாய்க்கும் இடைப்பட்ட வெளி முழுதும் சலித்த உலர்ந்த சாம்பல். சாம்பல் செங்கல்லைவிடப் பலமடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். மேலே களிமண் பூச்சு. இவ்வமைப்பின் தத்துவத்தை 1980களில் வகுத்தவர் அமெரிக்கப் பொறியாளர் லாரி வினியார்ஸ்கி.

பானைக்கும் அடுப்புக்கும் இடைவெளி எவ்வளவு? ஒரு சிறு கணக்கு. கூண்டின் பரப்பு 144 சதுர சென்டிமீட்டர். அதன் சுற்றளவு 48. ஆகவே கூண்டின் விளிம்பில் 3 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் பரப்பு மாறாது. 30 சென்டிமீட்டர் அகலப் பானையின் ஓரத்திலோ ஒன்றரை போதும். குறைந்தால் தீ திணறும். கூடினால் வெப்பம் காற்றோடு போகும்.

பயன் யாது? முக்கல் அடுப்பில் வெப்பத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கே பானையைச் சேரும் என்று கொள்வோம். பத்து லிட்டர் நீரை 27 பாகையிலிருந்து கொதிக்கவைக்க ஏறத்தாழ 1.7 கிலோ விறகு வேண்டும். நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு சேர்ந்தால் 0.8 கிலோ போதும். தென்னை மட்டையும் கொட்டாங்கச்சியும் பனை மட்டையும் கிடைக்கிற ஊரில் இதுவே தாராளம். இதில் புகை குறைவேயன்றி அறவே இல்லாமற் போகாது. ஆதலால் அத்தை இதைப் பின்புறத் தாழ்வாரத்தில் வைத்திருக்கிறார்.

முன்னோர் முயற்சிகள்

இவை நாங்கள் கண்டுபிடித்தவை அல்ல. 1950களிலேயே ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு புகையில்லாச் சமையலறைக்காக உழைத்தார். 1962இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் 1980களில் ‘பரிஷத் அடுப்பை’ வீடுதோறும் கொண்டு சென்றது. அவ்வியக்கம் 1987இல் நிறுவிய ஒருங்கிணைந்த ஊரகத் தொழில்நுட்ப மையம் பாலக்காட்டை அடுத்த முண்டூரில் இருக்கிறது. நடுவண் அரசும் 1983 முதல் 2002 வரை தேசியத் திட்டமொன்றின் வழியே மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகளைப் பரப்பியது. அவற்றுள் பல நெடுநாள் நிலைக்கவில்லை. வெடித்த மண்ணைப் பூசவும், அடைத்த குழாயைத் தட்டவும் வீட்டாருக்குக் கற்பிக்கப்படாமையே ஒரு பெருங்காரணம். பாலக்காட்டு வெயிலுக்கும் மூணாற்றுப் பனிக்கும் ஒரே அடுப்பு பொருந்தாது என்பதை எண்ணிப் பாராமையும் ஒரு காரணமாகலாம்.

மன்றத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஓர் அளவுநாடாவை எடுத்துச் செல்லுங்கள். உங்கள் வீட்டு அடுப்பின் வாயையும், குழாயின் உயரத்தையும், விறகின் ஈரத்தையும் பாருங்கள். அதில் அன்றாடம் நிற்பவரிடம் எங்கே புகை திரும்புகிறது என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது. அவர் சொல்வதையும் நாம் படித்ததையும் சேர்த்து வைத்தால், ஒரு பழைய பீப்பாயும் இருபது செங்கல்லும் ஒரு கூடைச் சாம்பலும் போதும்.