தராசுக்கு ஒன்று, வெடிக்கு ஒன்று

வெம்பக்கோட்டைக் கடைத்தெருவில் கால் கிலோ சாத்தூர் சேவு கேட்டுப் பாருங்கள். எலெக்ட்ரானிக் தராசில் பொட்டலத்தை வைத்ததும் எண்கள் கொஞ்சம் தள்ளாடி, 250-இல் நிற்கும். உள்ளே ஒரு சில்லு, எடையால் பிறந்த மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றுகிறது. அதுதான் அனலாக்–டிஜிட்டல் மாற்றி, சுருக்கமாக ஏடிசி.

10 கிலோ தராசின் எடை உணரி, முழுச் சுமையில் வழக்கமாகத் தருவது சுமார் 10 மில்லிவோல்ட். அதாவது, ஒரு கிராமுக்கு ஒரு வோல்ட்டின் 10 லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு நுண்ணியதைப் பிடிக்க டெல்டா–சிக்மா வகை ஏற்றது. தோராயமான அளவுகளை ஏராளமாக எடுத்து, சராசரி கண்டு, ஒரு விடை சொல்லும். பரவலாகக் கிடைக்கும் ஹெச்எக்ஸ்711 சில்லு 24 பிட் கொண்டது. ஆனால் விநாடிக்கு 10 அல்லது 80 விடைகள்தான். அந்த 24-லும் கடைசிச் சில பிட்டுகளை மின் இரைச்சல் தின்றுவிடும்.

இனி பட்டாசுக்கு வருவோம். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் ஒலியின் உச்சம் 145 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது 1999-இல் வந்த விதி. அந்த உச்சம் மில்லிவிநாடிக்குள் வந்து போய்விடும். தராசுச் சில்லை மைக்கோடு இணைத்தால், அது ஒரு விடை சொல்லும் பத்தில் ஒரு விநாடிக்குள் ஒலி 34 மீட்டர் ஓடிவிடும். உச்சம் சராசரியில் கரைந்துபோகும். காதைப் பிளக்கும் வெடியும் சாதுவாகத் தெரியும்.

இங்கே எஸ்ஏஆர் வகை கைகொடுக்கும். அது பழைய தட்டுத் தராசு மாதிரி. முதலில் பெரிய படிக்கல்லை வைத்துப் பார்க்கும். கூடினால் எடுத்துவிடும், குறைந்தால் விட்டுவைக்கும். அடுத்து அதில் பாதி, பிறகு அதற்கும் பாதி. 16 கல் வைத்துப் பார்த்தால் 65,536 படிகளில் ஒன்று விடையாகும். விநாடிக்கு 2 லட்சம் முறை அளப்பது இவ்வகைக்குச் சாதாரணம். ஒரு பிட்டுக்கு 6 டெசிபல் வீதம் 16 பிட்டுக்கு 96. மேல் எல்லையை 150-இல் வைத்தால் கீழே 54 வரை அளக்கலாம். வெடிக்கு இது தாராளம்.

எனவே, புராஜெக்ட்டுக்குச் சில்லு வாங்கும் மாணவர்களே, பிட் எண்ணிக்கையில் மயங்காதீர்கள். அளக்கப்போவது எவ்வளவு வேகமாக மாறுகிறது, அதில் எவ்வளவு சிறிய மாற்றம் தெரிய வேண்டும் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். விலைப்பட்டியலை அப்புறம் பிரிக்கலாம். சில்லு தவறவிட்ட உச்சத்தை, பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் காது தவறவிடாது.