சொந்த வண்டியில் ஆப்பிரிக்கா: வண்டிக்கு முன்னால் ஜாமீன்

சங்கரன்கோவிலில் இருந்து சொந்த பொலிரோவோடு போய் ஆப்பிரிக்காவைச் சுற்றி வர முடியுமா? கொஞ்ச நாளாக என் நோட்டில் இருக்கும் கேள்வி இது. தெரிந்த அண்ணாச்சி ஒருத்தர், விசைத்தறி வைத்திருப்பவர், நிஜமாகவே கிளம்பணும்னு நிற்கிறார். அவர் என்னிடம் கேட்டதெல்லாம் டயர், கூரை மேல் டென்ட், கூடுதல் டீசல் கேன் பற்றித்தான். தேடிப் படித்ததில் எனக்குத் தெரிந்தது வேறு. இந்தப் பயணத்தை முடிவு செய்வது ஒரு காகிதம். அந்தக் காகிதத்துக்காக பேங்கில் ஒரு தொகையைக் கட்டிப்போடணும். அண்ணாச்சி கணக்கில் அந்தத் தொகை மகள் பேரில் கிடக்கிற எஃப்.டி. அதனால்தான் இதை விளக்கமாக எழுதி வைக்கிறேன்.

கார்னெட் என்றால் என்ன?

ஒரு நாட்டுக்குள் வெளிநாட்டு வண்டி நுழைந்தால் சுங்கத்துறைக்கு ஒரே கவலைதான்: இவன் வண்டியை இங்கேயே விற்றுவிட்டுப் போய்விட்டால் இறக்குமதி வரி யார் கட்டுவது? அந்தக் கவலைக்கு ஜாமீன்தான் கார்னெட். நம்ம நாட்டு ஆட்டோமொபைல் சங்கம் ஒன்று, "வண்டி திரும்பிவிடும், இல்லையென்றால் வரிக்கு நாங்கள் பொறுப்பு" என்று எழுதிக் கொடுக்கிறது. இந்தியாவில் மும்பையில் இருக்கும் வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன் இதைக் கொடுக்கிறது. சங்கம் நமக்காகச் சும்மா பொறுப்பேற்காது. நம்மிடம் பேங்க் கேரண்டியோ டெபாசிட்டோ வாங்கிக்கொள்ளும்.

கார்னெட் ஒரு புத்தகம். ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டு. உள்ளே நுழையும்போது ஒரு துண்டைக் கிழித்துக்கொள்வார்கள், வெளியேறும்போது இன்னொன்றை. மூன்றாவது துண்டு இரண்டு முத்திரையோடும் நம் கையில் தங்கும். அந்த வெளியேறும் முத்திரைதான் நம் டெபாசிட்டைக் காப்பாற்றுவது. ராத்திரி பதினோரு மணிக்கு எல்லையில் அதிகாரி இல்லை, "பரவாயில்ல, போங்க" என்று கேட்டைத் திறந்துவிட்டாலும் போகக்கூடாது. முத்திரை இல்லாவிட்டால், கணக்குப்படி வண்டி இன்னும் அந்த நாட்டுக்குள்தான் நிற்கிறது. நாம் ஊர் திரும்பிய பிறகும் வரி கேட்டுக் கடிதம் வரலாம்.

புத்தகத்தின் ஆயுள் ஒரு வருஷம். வண்டி விபத்தில் நொறுங்கினாலும் அப்படியே விட்டுவிட்டு விமானம் ஏற முடியாது. சுங்கத்துறை வந்து பார்த்து சான்று தரணும், அல்லது வரி கட்டணும். திருட்டுப் போனாலும் போலீஸ் புகாரோடு விஷயம் முடியாது.

டெபாசிட் எப்படி ஏறுகிறது?

இதுதான் திட்டமிடுகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய இடம். நாம் போகப்போகும் நாடுகளில் எங்கே வரி அதிகமோ, அந்த நாட்டை வைத்துத்தான் தொகையைக் கணக்கிடுவது வழக்கம். எகிப்து மாதிரி வரி கடுமையான நாடு ஒன்று பட்டியலில் இருந்தால் மொத்த டெபாசிட்டும் அதை ஒட்டி ஏறும். அதை எடுத்துவிட்டால் இறங்கும். அதாவது வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்றினால் எஃப்.டி.யில் பெரிய தொகை மிஞ்சும்.

இன்னொரு சலுகையும் உண்டு. தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா, லெசோத்தோ, எஸ்வாத்தினி ஐந்தும் ஒரே சுங்க ஒன்றியம். கார்னெட்டுக்கு அது ஒரே நாடு மாதிரி: ஒன்றியத்துக்குள் நுழையும்போது ஒரு முத்திரை, வெளியேறும்போது ஒரு முத்திரை.

எந்தப் பாதை?

எல்லோர் கனவும் கெய்ரோவிலிருந்து கேப் டவுன். 2023 ஏப்ரலில் சூடானில் போர் வெடித்த பிறகு அந்தக் கோடு நடுவில் அறுந்துவிட்டது. அதனால் மொம்பாசாவில் இறங்கி கென்யா, தான்சானியா, ஜாம்பியா, போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா என்று தெற்கே போவதுதான் இப்போதைக்கு யோசிக்கத்தக்க வழி. நேராகப் போனாலே சுமார் 6,000 கி.மீ. ஜாம்பியாவுக்கும் போட்ஸ்வானாவுக்கும் நடுவில் ஜாம்பேசி ஆற்றை முன்பு படகில்தான் கடக்கணும். 2021-ல் கசுங்குலா பாலம் திறந்ததால் அந்தக் காத்திருப்பு போய்விட்டது.

நமக்கு ஒரு வசதி: இந்த ஆறு நாடுகளிலும் இடதுபக்கம்தான் ஓட்டணும். நம்ம வலதுபக்க ஸ்டியரிங் அப்படியே ஒத்துப்போகும். ருவாண்டா, எத்தியோப்பியா பக்கம் போனால்தான் எதிர்ப்பக்கம்.

மழையையும் பார்க்கணும். கிழக்கு ஆப்பிரிக்காவில் பெருமழை மார்ச் முதல் மே வரை. தெற்கில் நவம்பர் முதல் மார்ச் வரை. இரண்டுக்கும் இடையில் ஜூன் முதல் அக்டோபர் வரைதான் நல்ல காலம். ஆடித்தபசுக்கு ஊரில் இருக்கணும்னு நினைக்கிறவர்கள் அது முடிந்த கையோடு கிளம்பலாம். காலம் சரியாகத்தான் இருக்கும்.

கப்பலும் டீசலும்

தூத்துக்குடி துறைமுகம் நமக்கு சுமார் 100 கி.மீ.தான். பொலிரோ நீளம் 4 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, உயரம் 1.88 மீட்டர். 20 அடி கண்டெய்னருக்குள் தாராளமாகப் போகும். ஆனால் கூரை டென்டை மாட்டிவிட்டு ஏற்ற நினைத்தால் கண்டெய்னர் வாசல் உயரம் சுமார் 2.28 மீட்டர்தான் என்பதை நினைவில் வைக்கணும். டென்டைக் கழற்றி வண்டிக்குள் வைப்பதே நல்லது.

டீசலில் ஒரு சிக்கல். இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் விற்பது 10 பி.பி.எம். கந்தகம் உள்ள பி.எஸ். 6 டீசல். தென்னாப்பிரிக்காவில் 50, 500 இரண்டு வகையும் பம்பில் கிடைக்கும். கந்தகம் கூடினால் பி.எஸ். 6 வண்டியின் புகை வடிகட்டி சீக்கிரம் அடைபடும். இந்தப் பயணத்துக்குப் பழைய பி.எஸ். 3, பி.எஸ். 4 வண்டிதான் தொல்லை குறைவு.

மற்ற காகிதங்கள்

சர்வதேச ஓட்டுநர் அனுமதியை நம்ம ஆர்.டி.ஓ. ஆபீஸ் மூலமே வாங்கலாம். ஒரு வருஷம் செல்லும். ஆர்.சி.யில் பேங்க் கடன் இருந்தால் பேங்கின் தடையில்லாச் சான்று வேணும். மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிளம்புவதற்குக் குறைந்தது 10 நாள் முன்னால் போடணும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அந்தச் சான்று இல்லாமல் கென்யா மாதிரி நாட்டிலிருந்து திரும்பினால் நம்ம விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தி வைப்பார்கள். மூன்றாம் நபர் இன்சூரன்ஸுக்கு கென்யா, தான்சானியா, ஜாம்பியா மூன்றிலும் கோமேசா மஞ்சள் அட்டை ஒன்றே போதும்.

வாடகை வண்டி

இவ்வளவும் ஆறு மாதம், ஒரு வருஷம் ஊர் சுற்றப் போகிறவருக்குத்தான் கட்டுப்படியாகும். அண்ணாச்சிக்குத் தறியை விட்டுவிட்டு ஆறு வாரத்துக்கு மேல் வர முடியாது. போகவர கப்பல் வாடகை, துறைமுகக் கட்டணம், வண்டிக்காகக் காத்திருக்கும் நாட்கள், முடங்கும் எஃப்.டி. எல்லாம் சேர்த்துப் பார்த்தால், வின்ட்ஹோக்கிலோ ஜோகன்னஸ்பர்கிலோ கூரை டென்டோடு ஒரு ஹைலக்ஸ் வாடகைக்கு எடுப்பதே புத்தி. கார்னெட் வேண்டாம். எல்லை தாண்ட வாடகைக் கம்பெனியின் அனுமதிக் கடிதம் வேணும். அவரிடம் இதைத்தான் சொன்னேன். "நம்ம வண்டி மாதிரி வருமா தம்பி?" என்றார். வராதுதான். அந்த ஆசைக்கு என்ன விலை என்று தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும்.

சொந்த வண்டிதான் என்று உறுதியாக நிற்கிறவர்கள் வரிசையை மாற்ற வேண்டாம். முதலில் நாடுகளின் பட்டியல், அடுத்து அந்தப் பட்டியலுக்கு கார்னெட் டெபாசிட் எவ்வளவு என்று சங்கத்திடம் கேட்பது, பிறகு கப்பல், விசா, ஊசி. டென்ட் வாங்குவது கடைசி. டெபாசிட் தொகை கேட்டவுடன் நெஞ்சு அடைத்தால் பட்டியலில் ஒரு நாட்டை எடுத்துவிட்டு மறுபடி கேளுங்கள். அந்தப் பணம் ஒரு வருஷத்துக்கு மேல் வராமல் போனாலும் வீட்டில் எந்தக் காரியமும் நிற்காது என்றால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.