தாமிரபரணிக் கரையில் மாரத்தான்: பச்சை வயலைப் பார்த்து ஏமாறாமல் ஓடுவது எப்படி?

பொங்கல் லீவு. ஞாயிற்றுக்கிழமை காலை. கல்லிடைக்குறிச்சியில் ஓடத் தொடங்கி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி வழியாகக் கிழக்கே போய், பத்தமடைப் பக்கம் 21 கி.மீ.யை முடிக்கணும். இதுதான் திட்டம். சென்னையில் பெசன்ட் நகர் கடற்கரையோரம் 18 கி.மீ. வரை ஓடிப் பழகியவன் நான். இங்கே டிராஃபிக் குறைவு, இரண்டு பக்கமும் வயல், ஆற்றுக் காற்று. வேறென்ன வேணும் என்று நினைத்து, ஆறு மணிக்கு மேல் ஆற அமரக் கிளம்பினேன்.

சேரன்மகாதேவியைத் தாண்டியதும் 16-வது கி.மீ.யில் பதில் கிடைத்தது. நல்ல வெயில், ஆனால் கையெல்லாம் புல்லரித்தது. தலை லேசாகச் சுற்றியது. ரோட்டோர டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

கடைக்கார அண்ணாச்சி ஏற இறங்கப் பார்த்தார். "என்ன தம்பி, பஸ்ஸ விட்டுட்டியளா? அடுத்த வண்டி வரும்லா, எதுக்கு இந்த ஓட்டம்?" விஷயத்தைச் சொன்னதும், வீட்டுக்குள் போய் உப்புப் போட்ட நீச்சத்தண்ணி ஒரு சொம்பு கொண்டுவந்தார். குடித்து முடிக்கும்வரை காத்திருந்து இன்னொன்றும் சொன்னார்: "காலைல கெழக்க பாத்து எவனாவது ஓடுவானா? வெயிலு மூஞ்சிலல்லா அடிக்கு."

எந்த ரன்னிங் ஆப்பும் எனக்குச் சொல்லாத விஷயம் அது. அழகான சின்ன ஊரில் ஓடுவதும் நகரத்து ரோட்டில் ஓடுவதும் ஒன்றல்ல. அந்த ஊரின் வெயில், தண்ணீர், பருவம் எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அது தெரியாமல் ஓடினால் உங்களுக்கும் ஆபத்து, ஊருக்கும் குப்பை. எப்படி என்று பார்ப்போம்.

முதலில், எதெல்லாம் மாரத்தான்?

நம்ம ஊரில் 5 கி.மீ. ஓட்டத்தையும் மாரத்தான் என்றுதான் போஸ்டர் அடிக்கிறார்கள். உண்மையில் மாரத்தான் என்றால் 42.195 கி.மீ. மட்டுமே. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட இந்தத் தூரம், 1921-ல் அதிகாரபூர்வமான அளவானது. அதில் பாதி, அதாவது 21.0975 கி.மீ., அரை மாரத்தான். மற்றவை 10 கி.மீ. ஓட்டம், 5 கி.மீ. ஓட்டம், அவ்வளவுதான்.

இதில் என்ன வந்தது என்று கேட்கலாம். பயிற்சியே தூரத்தை வைத்துத்தான். 5 கி.மீ. ஓடுபவர், அதே மூச்சில் 21 கி.மீ.க்குப் பெயர் கொடுத்தால் கஷ்டம். 5 கி.மீ.யை நிற்காமல் ஓட முடிகிறவருக்கு, அரை மாரத்தானுக்குத் தயாராகச் சுமார் 12 வாரம் வேண்டும். ஜனவரிக் கடைசியில் ஓட்டம் என்றால், தீபாவளியை ஒட்டித் தொடங்கிவிட வேண்டும்.

தூரம் சரியாக அளக்கப்பட்டதா என்பதும் முக்கியம். தரமான பந்தயங்களில் பைக்கையோ காரையோ ஓட்டி அளப்பதில்லை. சைக்கிளின் முன்சக்கரத்தில் 'ஜோன்ஸ் கவுன்ட்டர்' என்ற சின்னக் கருவியைப் பொருத்தி, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று கணக்கிடுகிறார்கள். தூரம் தவறிக்கூடக் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு கி.மீ.க்கும் 1 மீட்டர் சேர்த்துக்கொள்வார்கள். உங்கள் ஜி.பி.எஸ். வாட்ச் 21.3 கி.மீ. என்று காட்டினால் உடனே அமைப்பாளர்களோடு சண்டைக்குப் போக வேண்டாம். வளைவுகளில் நீங்கள் வெளிப்பக்கமாக ஓடியதும் அதில் சேர்ந்திருக்கும்.

பெரிய நகரம் இருக்க, ஏன் சின்ன ஊர்?

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் ஆரோவில் மாரத்தான். 2008-ல் தொடங்கியது. செம்மண் காட்டுப் பாதையில் ஓட்டம். அங்கே உங்கள் நேரத்தைக் கணக்கெடுப்பதில்லை, பரிசும் கிடையாது. ஓடும் சந்தோஷத்துக்காக ஓடு, அவ்வளவுதான். பக்கத்தில் ஓடுபவரை முந்த வேண்டிய அவசியமே இல்லை.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கு இப்படி ஒரு ஓட்டத்துக்கென்றே அமைந்த மாதிரி இருக்கும். பொதிகை மலையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் சேரும் இந்த ஆற்றின் நீளம் சுமார் 128 கி.மீ. கணக்குப் போட்டால், மூன்று முழு மாரத்தான் தூரம்தான் மொத்த ஆறும். பாபநாசத்திலிருந்து திருநெல்வேலி வரை சாலை வழியே வந்தால் ஒரு முழு மாரத்தானைவிடக் கொஞ்சம் அதிகம். வழியில் கல்லிடைக்குறிச்சியில் அப்பளம், பத்தமடையில் கோரைப்பாய், நடுவே கன்னடியன் கால்வாய் பாயும் வயல்கள் என்று வேடிக்கை பார்க்க நிறைய உண்டு.

ஆனால் நகரத்து ஓட்டத்தில் கிடைக்கும் சில வசதிகள் இங்கே இருக்காது. சாலை முழுவதும் உங்களுக்காக அடைக்கப்படாது. இருப்பது ஒரே ரோடு, அதில் முதல் பஸ்ஸும் பால் வண்டியும் வந்தே தீரும். பெரிய மருத்துவமனை பக்கத்தில் இருக்காது. பத்து நிமிடம் தனியாக ஓடினாலும் பின்னால் ஆள் வராமல் போகலாம்.

எந்த மாதம் நல்லது?

இங்கே நெல் சாகுபடி இரண்டு பருவம். ஜூனில் தொடங்குவது கார். வடகிழக்குப் பருவமழையை நம்பி அக்டோபர் வாக்கில் தொடங்குவது பிசானம். பிசானப் பயிர் வளர்ந்து நிற்கும் ஜனவரி, பிப்ரவரிதான் ஓடுவதற்கும் நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், ஆற்றில் தண்ணீர் இருக்கும், அதிகாலையில் கொஞ்சமாவது குளிர்ச்சி இருக்கும்.

டிசம்பரில் வேண்டவே வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாரும் மறக்கவில்லை. தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டி, இரண்டு மாவட்டங்களிலும் சாலைகளும் ஊர்களும் மூழ்கின. ஆற்றங்கரை ரூட் என்றால், ஆறு பெருகினால் அதற்கு வழிவிட வேண்டிய ரூட் என்றும் அர்த்தம். அமைப்பாளர்களிடம் மாற்றுத் தேதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

எந்தத் திசையில் ஓடணும்?

அண்ணாச்சி சொன்ன விஷயத்துக்கு வருவோம். இந்த ஆறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. ஆறு போகும் திசையிலேயே ஓடுவது கேட்க அழகாக இருக்கும், லேசான இறக்கமும் கிடைக்கும். ஆனால் ஜனவரியில் இங்கே சூரியன் உதிப்பது ஆறரை மணிக்கு மேல். அதன் பிறகு கிழக்கே பார்த்து ஓடினால் வெயில் நேராக முகத்தில். எதைப் பார்க்க வந்தீர்களோ, அந்தப் பொதிகை மலை முழுக்க உங்கள் முதுகுக்குப் பின்னால்!

இதற்கு எளிய வழி, போய்த் திரும்பும் ரூட். ஐந்து மணிக்கு இருட்டில் கிழக்கே கிளம்பி, வெளிச்சம் வரும் நேரத்தில் மேற்கே திரும்ப வேண்டும். வெயில் முதுகில் விழும், மலை கண் முன்னால் நிற்கும். தொடக்கமும் முடிவும் ஒரே இடம் என்பதால் ஆம்புலன்ஸ், பை வைக்கும் இடம், வீட்டுக்குப் போகும் பஸ் எல்லாமே சுலபம். இருட்டில் ஓடும் பகுதிக்கு, நெற்றியில் கட்டும் டார்ச்சும் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டையும் கட்டாயம்.

வயல்காற்று குளிர்ச்சிதானே, அப்புறம் என்ன?

நான் ஏமாந்ததே இங்கேதான். உடம்பு சூட்டைக் குறைப்பது வியர்வை அல்ல, வியர்வை காய்வது. தண்ணீர் கட்டிய வயலுக்கு நடுவே காலையில் ஈரப்பதம் அதிகம். காற்று முகத்தில் பட்டால் சுகமாக இருக்கும், ஆனால் வியர்வை காயாமல் சட்டையிலேயே சொட்டும். உடம்புக்குள் சூடு ஏறிக்கொண்டே போகும். வெயிலில் புல்லரிப்பு, தலைசுற்றல், குமட்டல் எல்லாம் 'போதும், நில்' என்று உடம்பு சொல்வது.

அதனால் வழக்கமான வேகத்தைவிட கி.மீ.க்கு அரை நிமிடமாவது மெதுவாகத் தொடங்குங்கள். பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம்.

ஓடும் ஒருவர் குழறிப் பேசினால், தள்ளாடினால், தன் பெயரையே சொல்லத் திணறினால் அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது. 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை சும்மா நிற்காமல் நிழலில் கிடத்தி, குளிர்ந்த தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் தண்ணீர்த் தொட்டி இருந்தால் தலை மட்டும் வெளியே இருக்க அதில் உட்காரவைக்கலாம். முதலில் குளிரவைப்பது, அப்புறம் கொண்டுபோவது. இதுதான் மருத்துவ வழிகாட்டுதல்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. குடிக்காமலே ஓடுவது ஒன்று. பயந்துபோய் ஒவ்வொரு இடத்திலும் லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீரைக் குடிப்பது இன்னொன்று. இரண்டாவதில் ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம், வலிப்பு வரை போகலாம். தாகம் எடுத்தால் குடியுங்கள், இடையிடையே உப்பும் சேரட்டும். அண்ணாச்சி கொடுத்த நீச்சத்தண்ணியில் இரண்டுமே இருந்தது.

மாரடைப்பு பயம்? அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தான், அரை மாரத்தான் ஓடிய சுமார் 1 கோடியே 9 லட்சம் பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. இதயம் திடீரென நின்றது 59 பேருக்கு. அவர்களில் 42 பேர் இறந்தனர். ஆக, ஆபத்து குறைவு, ஆனால் வந்தால் பெரிது. பிழைத்தவர்களைக் காப்பாற்றியதில் முக்கியமானது, பக்கத்தில் இருந்தவர்கள் உடனே செய்த சி.பி.ஆர். தனியாக ஓடும் ரோட்டில் அந்த 'பக்கத்தில் இருப்பவர்' யார்? குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்களும், ஏறும்போது நெஞ்சு இறுகுபவர்களும் டாக்டரைப் பார்க்காமல் பெயர் கொடுக்காதீர்கள்.

ஓடி முடித்த பிறகு ஆற்றுக்கு என்ன மிச்சம்?

ஒரு சின்னக் கணக்கு. அரை மாரத்தானில் 8 இடத்தில் தண்ணீர் தருகிறார்கள், ஓடுபவர்கள் 1,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு கப் என்றாலும் 8,000 கப். கால்வாயோர ரோட்டில் காற்றடித்தால் அவை எங்கே போகும்? வாய்க்கால், வயல், ஆறு.

நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்கள் குடிப்பது இந்த ஆற்றுத் தண்ணீரைத்தான். ஏற்கெனவே பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விடப்படும் துணிகளையே டன் கணக்கில் அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கப், தண்ணீர் பாக்கெட் மட்டுமல்ல, பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப்புக்கும் தடை இருக்கிறது. அதனால் இடுப்பில் கட்டும் சின்ன பாட்டிலோடு போங்கள். தண்ணீர் தரும் இடத்தில் டிரம்மும் குழாயும் இருந்தால் போதும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. தூரத்தை எப்படி அளந்தீர்கள்?
2. எத்தனை மணிக்குத் தொடக்கம்? வெயில் ஏறும்போது கடைசி ஆள் எந்த இடத்தில் இருப்பார்?
3. ஆம்புலன்ஸ் எத்தனை, எங்கே நிற்கும்? சி.பி.ஆர். தெரிந்த தன்னார்வலர்கள் இருக்கிறார்களா?
4. போலீஸ் அனுமதி இருக்கிறதா? பஸ் போகும் ரோட்டில் ஓடுபவர்களுக்குத் தனிப்பக்கம் உண்டா?
5. குப்பையை யார், எப்போது அள்ளுவார்கள்?

ஐந்தில் மூன்றுக்காவது பதில் வரவில்லை என்றால், மெடலும் டிஷர்ட்டும் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அடுத்த பொங்கலுக்கு நான் மறுபடி போனேன். இந்த முறை ஐந்து மணிக்குக் கிளம்பி, கிழக்கே பத்தரை கி.மீ. போய்த் திரும்பினேன். ஆகவே அந்த டீக்கடை வரை போகவில்லை. திரும்பி ஓடியபோது முதுகில் இளவெயில், எதிரே பொதிகை. நேரம் பெசன்ட் நகரில் ஓடுவதைவிட மோசம்தான். 21 கி.மீ. முடிந்தபோது தலை சுற்றவில்லை. பஸ் ஏறிப் போய் அண்ணாச்சிக்கு ஒரு வணக்கம் வைத்தேன். "இன்னைக்கு பஸ்ஸ பிடிச்சிட்டியளே" என்று டீயை நீட்டினார்.